சொந்தப் பாட்டு பாடும் இரண்டு பெண்கள்: கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு கேள்வி

கொழிஞ்சாம்பாறைக்காரி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே இருக்கிற ஒரு ஊரிலிருந்து எழுதுகிறேன். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தமிழ், பஞ்சாயத்து அலுவலகத்தில் மலையாளம், சந்தையில் எது வாயில் முதலில் வருகிறதோ அது.

நானும் என் தோழியும் சேர்ந்து பாடுகிறோம். சொல்லும் மெட்டும் நாங்களே கட்டியவை. நான் கிட்டார் வாசிக்கிறேன். மாதா கோவில் பாடகர் குழுவில் கற்றது. அவள் உடுக்கை வாசிப்பாள். மேல்குரல் என்னுடையது, கீழ்க்குரல் அவளுடையது. கீபோர்டு, ரிதம் பேட் எதுவும் எங்களிடம் இல்லை. வைத்துக்கொள்ளும் எண்ணமும் இல்லை.

கடலை பறிக்கும் கூலிப் பெண்கள், கோபாலபுரம் சோதனைச் சாவடியில் வெயிலில் நிற்கும் காய்கறி வண்டி, கள்ளிறக்கப் பனை ஏறுகிறவரின் மனைவி, இப்படி எங்கள் ஊரில் கண்ணில் படுவதைத்தான் பாடுகிறோம். ஆழியாற்றுத் தண்ணீர் பற்றிய பாட்டு இப்படித் தொடங்கும்:

மணக்கடவுத் தண்ணீரே, மாசியிலே எங்கே போனாய்?
கணக்கெழுதும் ஆபீசில் கால்மடித்துத் தூங்கினாயோ?

இந்த இரண்டு வரிக்கு எங்கள் பக்கத்து விவசாயிகள் கைதட்டாத இடமே இல்லை. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி தமிழ்நாடு மணக்கடவில் எங்களுக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் விட வேண்டும் என்பது இங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கணக்கு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு ஒரு இசை நிறுவனம் ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. ஆறு பாட்டு. ஒரே தடவையில் ஒரு தொகை. அதற்கு ஈடாக ‘எல்லா உரிமைகளும், எல்லா நாடுகளிலும், நிரந்தரமாக’ அவர்களுக்கு. அதைவிட மனத்தை உறுத்துவது இன்னொன்று: ஒப்பந்தத்தில் என்னை ‘முதன்மைப் பாடகி’ என்றும் அவளைத் ‘துணைப் பாடகி’ என்றும் எழுதியிருக்கிறார்கள். கையெழுத்துப் போடும் இடத்தில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. பாதிப் பாட்டுக்குச் சொல் எழுதியவள் அவள். அவள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அன்றைக்குப் பயிற்சிக்கு வரவில்லை.

நான் ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியை. அவள் பால் சொசைட்டியில் கணக்கெழுதுகிறாள். இதையே தொழிலாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது இருவரின் ஆசை. வீட்டிலும் தடை இல்லை. ஆனால் திருவிழா மேடையில் ஏறினால் இரண்டாவது பாட்டிலேயே சினிமாப் பாட்டு கேட்கிறார்கள். பாலக்காட்டில் பாடினால் ‘மலையாளத்தில் இல்லையா’ என்கிறார்கள். பொள்ளாச்சியில் பாடினால் ‘நீங்கள் கேரளாதானே’ என்கிறார்கள். எவ்வளவு பணம் கேட்பது என்றும் தெரியவில்லை. இந்தப் பாதையில் நடந்தவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள்.

நூறணி வக்கீல் எழுதுகிறார்:

இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால் போடாதீர்கள். முதலில் உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி ஒரு பாட்டில் மூன்று சொத்துகள் இருக்கின்றன. சொல் ஒன்று, மெட்டு ஒன்று, ஒலிப்பதிவு ஒன்று. சொல் எழுதியவருக்குச் சொல்லும், மெட்டுக் கட்டியவருக்கு மெட்டும் இயற்றிய உடனேயே சொந்தமாகிவிடுகின்றன. பதிவு செய்தால்தான் உரிமை என்பது இல்லை. ஆனாலும் பதிந்து வைத்தால் பின்னால் வழக்கு வரும்போது கை கொடுக்கும். இசை, இலக்கியப் படைப்பு ஒன்றுக்குக் கட்டணம் 500 ரூபாய். மூன்றாவதான ஒலிப்பதிவு மட்டும் அதைத் தயாரித்தவருக்கு, அதாவது பொறுப்பேற்றுச் செலவு செய்தவருக்குப் போகும். ஆகவே ஸ்டுடியோ வாடகையை நீங்களே கொடுத்துப் பதிவு செய்தால் மூன்றும் உங்களிடமே இருக்கும். ஒரு கிட்டார், ஒரு உடுக்கை, இரண்டு குரலுக்குப் பெரிய ஸ்டுடியோ தேவையும் இல்லை.

உரிமையை எழுதிக் கொடுப்பதற்கும் விதி இருக்கிறது. எந்தப் படைப்பு, எந்த உரிமை, எத்தனை காலம், எந்த நாடு, எவ்வளவு ராயல்டி என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். நாடு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். ‘நிரந்தரமாக, எல்லா நாடுகளிலும்’ என்று அவர்கள் வலிந்து எழுதுவது இதனால்தான். வாங்கிய உரிமையை ஓர் ஆண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, அது காலாவதியாகிவிடும்.

2012இல் வந்த திருத்தம் உங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய பாதுகாப்பு. சொல் எழுதியவரும் மெட்டுக் கட்டியவரும் உரிமையை விற்ற பின்னும், பாட்டு பயன்படும் இடங்களிலிருந்து வரும் ராயல்டியில் சரிபாதி கேட்கலாம். இந்த உரிமையை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கினாலும் செல்லாது. இந்தப் பணத்தை வசூலித்துத் தருகிற சங்கம் ஐபிஆர்எஸ், 1969 முதல் இருக்கிறது. நீங்கள் இருவரும் தனித்தனியாக அதில் உறுப்பினராகுங்கள். குழுவின் பெயரில் விண்ணப்பிக்க வேண்டாம்.

துணைப் பாடகி விஷயம். சொல் ஒருவர், மெட்டு ஒருவர் என்றால் அவை இரண்டு தனிப் படைப்புகள். இருவர் பங்கையும் பிரித்துச் சொல்ல முடியாதபடி கலந்திருந்தால் கூட்டுப் படைப்பு. எப்படிப் பார்த்தாலும் உங்கள் கையெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு அவள் எழுதிய சொல்லை அவர்கள் வாங்க முடியாது. இன்று மாலையே இருவரும் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டுக்கும் சொல் யார், மெட்டு யார், பங்கு எத்தனை என்று ஒரு தாளில் எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். நட்பு நன்றாக இருக்கும்போது எழுதுகிற தாள்தான் பிறகு உதவும். சண்டை வந்தபின் எழுத உட்கார்ந்தால் ஒரு வரியிலும் ஒத்துப்போக முடியாது. இதை என் மேஜைக்கு எதிரே பல தடவை பார்த்திருக்கிறேன்.

வரி பற்றி ஒரு வரி: கல்லூரிகளும் பெரிய அமைப்புகளும் சம்பளத்தில் 10 சதவீதம் பிடித்துக்கொண்டு கொடுப்பார்கள். பயந்துவிடாதீர்கள். இருவருக்கும் பான் அட்டை இருந்து கணக்குத் தாக்கல் செய்தால், வருமானம் வரம்புக்குள் இருக்கும்வரை திரும்ப வந்துவிடும்.

மீனாட்சிபுரம் அக்கா எழுதுகிறார்:

கண்ணு, உங்கள் கடிதத்தைப் படித்ததும் உடனே எழுத வேண்டும் என்று தோன்றியது. நானும் என் நாத்தனாரும் சேர்ந்து இந்த எல்லைப் பக்கம் முழுவதும் பாடியவர்கள். கேசட் காலம் அது. நாங்கள் பாடிய நடவுப் பாட்டுகளைக் கேசட் போட்டு விற்றார்கள். உறையில் ஒரு அம்மன் படம் இருந்தது, கடைக்காரர் பெயர் இருந்தது, எங்கள் இருவர் பெயரும் இல்லை. ‘கிராமியப் பெண்கள்’ என்று போட்டிருந்தார்கள். அந்தக் கேசட் இன்றும் சில வீடுகளில் இருக்கிறது. பாடியவர்கள் யார் என்று யாருக்கும் தெரியாது. வக்கீல் தம்பி சொன்னதை ஒரு எழுத்து விடாமல் செய்யுங்கள்.

நான் பாட்டைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டு பெண்கள் சேர்ந்து பாடுவது நமக்குப் புதிதில்லை. சூலமங்கலம் சகோதரிகளைக் கேட்காத தமிழ் வீடு உண்டா? பம்பாய் சகோதரிகள் என்று பெயர் பெற்ற சரோஜாவும் லலிதாவும் பிறந்தது நம் திருச்சூரில்தான். 2020இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆனால் அவர்கள் பாடியதெல்லாம் பெரும்பாலும் முன்னோர் இயற்றியது. இரண்டு குரலும் ஒரே வரியில், ஒரே ஸ்தாயியில், நூல் பிரியாமல் போகும். நீங்கள் செய்வது வேறு. உங்கள் பாட்டு உங்கள் வாயிலிருந்து வருகிறது, குரலும் ஒன்றுக்கொன்று வேறாக இருக்கிறது. இந்த வேறுபாடுதான் உங்கள் முதல். அந்தக் கீழ்க்குரலைத் ‘துணை’ என்று எழுதியவருக்குக் காதே இல்லை என்பேன்.

உங்கள் காணொளியைக் கேட்டேன். ஒரு குறை சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை இருவரும் சேர்ந்தே பாடுகிறீர்கள். வயலில் அப்படிப் பாட மாட்டார்கள். ஒருத்தி எடுத்துக்கொடுப்பாள், மற்றவர்கள் கடைசிச் சொல்லை வாங்கிக்கொண்டு போவார்கள். எடுத்துக்கொடுப்பவள் அந்த நேரத்தில் மூச்சு வாங்கி அடுத்த அடியை யோசிப்பாள். மணக்கடவுப் பாட்டில் ‘எங்கே போனாய்’ என்பதை நீங்கள் மேலே பாடிவிட்டு நிறுத்துங்கள். உங்கள் தோழி அதே இரண்டு சொல்லைக் கீழே, தனியாக, உடுக்கையின் ஒரே தட்டோடு திருப்பிச் சொல்லட்டும். அப்போதுதான் கேட்கிறவருக்குக் கேள்வி கேள்வியாகப் போய்ச் சேரும். இருவரும் சேர்கிற இடத்தைப் பாட்டின் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சுருதியையும் பாருங்கள். கட்டை என்பது அதன் உயரத்தின் அளவு. நீங்கள் ஐந்தரைக் கட்டையில் பாடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். உங்களுக்கு அது சுகம், அவளுக்குக் கீழே இறங்க இடம் போதவில்லை போலத் தெரிகிறது. ஒரு சில பாட்டை அவளுக்காக ஆறு கட்டைக்கு ஏற்றிப் பாருங்கள், அல்லது நாலரைக்கு இறக்கி மேல்குரலை அவளிடம் கொடுத்துவிட்டு நீங்கள் கீழே வாருங்கள். கிட்டாரில் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போவை நகர்த்தினால் விரல் பழகிய இடத்திலேயே இருக்கும், கட்டை மட்டும் மாறும். ஒவ்வொரு பாட்டுக்கும் கட்டை எது என்று நோட்டில் எழுதி வையுங்கள்.

எங்கே பாடுவது என்று சொல்கிறேன். திருவிழா மேடையை மட்டும் நம்பினால் சினிமாப் பாட்டு பாடும் கானமேளாக் குழுக்களோடு போட்டி போட வேண்டியிருக்கும். அவர்களுக்கு டிரம்ஸ் உண்டு, வண்ண விளக்கு உண்டு. உங்களுக்குச் சொல் இருக்கிறது. சொல்லைக் கேட்க உட்காருகிற கூட்டம் வேறு இடத்தில் இருக்கிறது. கேரளத்தில் பிறந்ததால் உங்களுக்கு ஒரு பெரிய வசதி: ஊருக்கு ஊர் வாசகசாலை. ஒவ்வொன்றும் ஆண்டு விழா நடத்தும், ஜூன் 19 வாசிப்பு தினம் கொண்டாடும். பெஞ்சு போட்டு உட்கார்ந்து, பாட்டு முடிந்தபின் ஒரு வரியைப் பற்றிக் கேள்வி கேட்கிற ஆட்கள் அங்கேதான் வருவார்கள். அடுத்து குடும்பஸ்ரீ, கேரளத்துப் பெண்களின் சுயஉதவிக் குழுக்கள். கடலை பறிக்கிற பாட்டைக் கடலை பறித்தவர்களிடம் பாடிக் காட்டுவதற்கு அதைவிட நல்ல மேடை கிடையாது. சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை இருக்கிறது, தமிழ் வழிப் பள்ளிகள் இருக்கின்றன, அங்கெல்லாம் நேரில் போய்ப் பாருங்கள். பஸ்ஸில் போய் அன்றே திரும்பக்கூடிய தூரத்தில் உங்களை அறிந்த கூட்டத்தை முதலில் சேருங்கள். சென்னையும் கொச்சியும் அதற்குப் பிறகு.

ஆகாசவாணியை விட்டுவிடாதீர்கள். குரல் தேர்வில் தேறினால் பி, பி ஹை, ஏ என்று தரம் கொடுப்பார்கள். கிராமிய இசைக்கும் உண்டு. கோயம்புத்தூரும் திருச்சூரும் உங்களுக்கு இரு கைத்தூரம். பணம் பெரிதாக வராது. ஆனால் ‘ஆகாசவாணிக் கலைஞர்’ என்ற சொல் விழாக் கமிட்டிக்காரர்கள் பேசுகிற தோரணையையே மாற்றிவிடும். இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

சினிமாப் பாட்டு வேண்டாம். ஒன்றுகூட வேண்டாம். இதில் நான் பிடிவாதக்காரி. ஒரு சினிமாப் பாட்டைப் பாடினால் கூட்டம் அதைத்தான் நினைவில் கொண்டு வீட்டுக்குப் போகும். அடுத்த ஆண்டு அதைத்தான் கேட்கும். அதற்குப் பதிலாக இரண்டாவது பாட்டிலேயே கூட்டத்தின் வாயில் ஒரு அடியைக் கொடுத்துவிடுங்கள். கும்மி மெட்டில் நாலு சொல் போதும். பெண்கள் பகுதியைப் பார்த்து ஒரு தடவை சொல்லிக் கொடுங்கள், அவர்களே கைதட்டித் தாளம் போடுவார்கள். பாடுகிற கூட்டம் வேறு பாட்டு கேட்காது.

மொழிக்கு வருகிறேன். தமிழிலேயே பாடுங்கள், பாட்டுக்கு இடையில் மலையாளத்தில் பேசுங்கள். பாலக்காட்டுக்காரர்களுக்குத் தமிழ்ப் பாட்டு அந்நியம் என்று யார் சொன்னது? பகவதி கோவில் கூத்துமாடத்தில் தோல்பாவைக் கூத்து ஆடும்போது பாடுவது கம்பன் பாட்டு. பாலக்காட்டுக் கிராமியக் கலைகளான கண்யார்களியிலும் பொறாட்டு நாடகத்திலும் தமிழ் கலந்துதான் வரும். சித்தூரில் கொங்கன்படைத் திருவிழாவே கொங்குப் படையை வென்றதற்கான கொண்டாட்டம், அதை நம் கொங்குத் தமிழ் பேசுகிறவர்களும் நின்று பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். அட்டப்பாடி நஞ்சியம்மா தன் இருளர் மொழியில் பாடியே 2022இல் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது பெற்றார். அவரிடம் யாரும் மலையாளத்தில் இல்லையா என்று கேட்கவில்லை. பாட்டு முன்னால் போனால் மொழி பின்னால் வரும்.

பணம். கூச்சப்படாமல் கேளுங்கள். வண்டி வாடகை, மைக் செட் யார் பொறுப்பு, சாப்பாடு, முன்பணம் பாதி, மீதி மேடை ஏறுவதற்கு முன் என்று எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி ‘சரி’ என்று பதில் வாங்குங்கள். ‘அடுத்த வருஷம் பார்த்துச் செய்கிறோம்’ என்று சொல்கிற கமிட்டிக்கு அடுத்த வருஷமே போகலாம். வரும் பணத்தில் இருவருக்கும் ஒரே பங்கு, மூன்றாவதாகக் கம்பி மாற்றவும் பதிவு செய்யவும் ஒரு பொதுப் பங்கு. திரும்பி வரும் வண்டி ஏற்பாடு இல்லாத இரவு நிகழ்ச்சியை ஒப்புக்கொள்ளாதீர்கள். கடைசி பஸ்ஸை நம்பிப் பாடினால் பாட்டில் மனம் நிற்காது. இதை முன்கூட்டியே கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நினைத்தால் அந்த இடம் நமக்கு வேண்டாம்.

வேலையை இருவரும் ஒரே நேரத்தில் விடாதீர்கள். யார் முதலில் விடுவது என்பதை வருமானத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அன்றைக்குப் பயிற்சிக்கு வராதவளைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ஒப்பந்தத் தாளையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.

வேலந்தாவளம் மைக் செட் எழுதுகிறார்:

அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். ஒலியைப் பற்றி மட்டும் நான் சேர்க்கிறேன்.

மேடை ஏறியதும் மைக் செட்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது: எக்கோவை முழுவதும் குறையுங்கள் அண்ணா. எங்கள் ஆட்களுக்கு எக்கோ வைத்தால்தான் பாட்டு கனமாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. உங்கள் பாட்டுக்கு உயிர் சொல்தான், எக்கோ வைத்தால் சொல் குழம்பிப் போகும். இருவருக்கும் ஒரே மாதிரி மைக் கேளுங்கள். ஒருவருக்கு நல்லது, ஒருவருக்குப் பழையது என்று வைத்தால் கீழ்க்குரல்தான் முதலில் அடிபடும்.

கிட்டாருக்கு முன்னால் சும்மா ஒரு மைக் வைத்துச் சமாளிக்காதீர்கள், கூவும். உள்ளே ஒலியை வாங்கும் பிக்கப் பொருத்தி, அந்த ஒலியை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றுகிற டிஐ பெட்டி வழியாகக் கொடுங்கள். அந்தப் பெட்டியைச் சொந்தமாக வாங்கிப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், கிராமத்து செட்டில் இருக்காது. உடுக்கைக்கு ஒரு சாண் தள்ளி மைக். இழுத்து வாசிக்கும்போது நாடாவை அழுத்துகிற பக்கம் மைக் இருக்கக் கூடாது, கை சத்தம் ஏறிவிடும்.

நம் ஊர்க் காற்று இன்னொரு விஷயம். மார்கழி, தை மாதங்களில் கணவாய் வழியாக அடிக்கிற கிழக்குக் காற்றில் கிட்டார் மரம் காய்ந்து சுருங்கும். கம்பி பலகையில் இடித்து ‘ஜிர்’ என்று கேட்கும், சிலபோது மேல் பலகையே வெடிக்கும். துளை போட்ட சோப்பு டப்பாவில் ஈரமான ஸ்பாஞ்சைப் பிழிந்து வைத்து, அதைக் கிட்டார் பெட்டிக்குள் வையுங்கள். ஜூன் மாத இடவப்பாதி மழையில் நேர்மாறு, உடுக்கைத் தோல் தொய்ந்து போகும். மேடைக்குப் பின்னால் லேசான அனல் காட்டிவிட்டு ஏறுங்கள்.

இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு முதல் உள்ள விதி. ஆகவே மாலை ஏழு மணிக்கு மேடையைக் கேட்டு வாங்குங்கள். கானமேளாவுக்கு முந்தைய அந்த நேரத்தில்தான் குடும்பத்தோடு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

வண்டித்தாவளத்துக்காரன், பெங்களூர்:

ஒரு தகவல் மட்டும். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் ஏமி ரே, எமிலி சாலியர்ஸ் என்று இரண்டு பெண்கள், பள்ளித் தோழிகள். 1985 முதல் இண்டிகோ கேர்ள்ஸ் என்ற பெயரில் பாடுகிறார்கள். இரண்டு கிட்டார், இரண்டு குரல், ஒன்று கனம், ஒன்று மென்மை. முதல் முழுநீள இசைத்தொகுப்பை 1987இல் தாங்களே வெளியிட்டார்கள். 1988இல்தான் பெரிய நிறுவனம் வந்தது. 1990இல் நாட்டுப்புற இசைக்கான கிராமி விருது. இன்றும் சேர்ந்து பாடுகிறார்கள். பெரும்பாலும் இருவரும் தனித்தனியாகப் பாட்டு எழுதுகிறார்கள். எழுதியவர் பெயரே பாட்டுக்குப் போகும். மெருகேற்றுவதும் பாடுவதும் சேர்ந்து. நிறுவனம் தேடி வருவதற்கு முன்பே அவர்களிடம் பாட்டும் கூட்டமும் இருந்தன என்பதைக் கவனியுங்கள்.

யூடியூபில் நீளமான காணொளிகளை வைத்து விளம்பரப் பணம் வர 1000 சந்தாதாரரும் ஓர் ஆண்டில் 4000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அதை முக்கிய வருமானமாகக் கணக்கில் வைக்காதீர்கள். மேடைக்கு அழைப்பவர் உங்களைக் கேட்டுப் பார்க்கிற இடமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் அதை அடையாளம் காட்டும் ஐஎஸ்ஆர்சி என்ற 12 எழுத்துக் குறியீடு வாங்கிய பிறகே இணையத்தில் ஏற்றுங்கள், பணம் வழி தவறாமல் வரும்.

கொழிஞ்சாம்பாறைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று அவள் வீட்டுக்குப் போனேன். வக்கீல் சார் சொன்ன தாளை அவள் அம்மா முன்னிலையில் எழுதிவிட்டோம். எழுதும்போது இரண்டு பாட்டில் எங்களுக்கே சந்தேகம் வந்தது, எந்த அடி யாருடையது என்று. அவற்றைக் கூட்டுப் படைப்பு, சரிபாதி என்று போட்டோம். நிறுவனத்துக்கும் பதில் போய்விட்டது: ஐந்து ஆண்டு, ஒலிபரப்பு உரிமை மட்டும், இருவர் கையெழுத்து, இருவர் பெயரும் ஒரே அளவு எழுத்தில். ஒப்புக்கொண்டால் பேசலாம். இல்லாவிட்டால் பொதுப் பங்கில் சேரும் பணத்தில் நாங்களே பதிவு செய்துகொள்வோம்.

அக்கா சொன்னபடி ‘எங்கே போனாய்’ என்பதை அவளிடம் விட்டுப் பாடிப் பார்த்தோம். பாட்டே வேறாகிவிட்டது.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. மெட்டும் நாங்களே கட்டியவை என்று முதலில் எழுதினேன், ஆனால் மூன்று பாட்டின் மெட்டு அவள் பாட்டியிடமிருந்து வந்தது. களையெடுக்கும்போது பாட்டி பாடியது, சொல் மட்டும் எங்களுடையது. பாட்டி இப்போதும் பாடுவார். இதை எங்கள் மெட்டு என்று போடுவது சரியா?

நூறணி வக்கீல்:

போடக் கூடாது. வழிவழியாக வந்த மெட்டுக்குத் தனி உரிமையாளர் கிடையாது, யாரும் பாடலாம். நீங்கள் எழுதிய சொல்லுக்கு மட்டும் உரிமை கோருங்கள். ‘மெட்டு: மரபு’ என்று பதியுங்கள். யூடியூபின் தானியங்கி உரிமைப் பட்டியலில் இந்த மூன்று மெட்டையும் சேர்க்கவே சேர்க்காதீர்கள். சேர்த்தால் அதே மெட்டைப் பாடுகிற பக்கத்து ஊர்ப் பாட்டியின் காணொளிக்கு உங்கள் பெயரில் தடை போகும். பாட்டியின் குரலைப் பதிவு செய்தால் கதை வேறு. பாடியவர் என்ற முறையில் அந்தப் பதிவில் அவருக்கு 50 ஆண்டு உரிமை உண்டு. அவரிடம் சம்மதம் எழுதி வாங்கி, பணம் கொடுத்துச் செய்யுங்கள்.

மீனாட்சிபுரம் அக்கா:

சட்டம் ‘மரபு’ என்று சொல்லட்டும். நீங்கள் மேடையில் பாட்டியின் பெயரையும் ஊரையும் எந்தக் காட்டில் களையெடுத்தார் என்பதையும் சொல்லிவிட்டுப் பாடுங்கள். உறையிலும் அச்சடியுங்கள். வரும் பணத்தில் அவருக்கு ஒரு பங்கு கொடுத்துவிடுங்கள். முடிந்தால் இந்த மாதமே பாட்டியை உட்கார வைத்து, கிட்டார் இல்லாமல், அவர் கட்டையில் அவர் பாடுவதை முழுவதும் பதிந்துகொள்ளுங்கள். நடுவில் இருமினாலும் சிரித்தாலும் நிறுத்த வேண்டாம். அடிக்கு அடி சொல் மாறும். எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். எங்கள் நாத்தனாரின் அம்மா பாடியவற்றில் பாதி அவரோடு போய்விட்டன, எனக்கு அந்த வருத்தம் இன்றும் உண்டு.

திருச்சூர் நிலையத்தின் குரல் தேர்வு அறிவிப்பு வந்ததும் இங்கேயே போடுகிறேன். விண்ணப்பத்தில் இரண்டு பேரும் தனித்தனியாகக் கையெழுத்திடுங்கள்.